ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவது பாதுகாப்பானதா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

வீடு கட்டும்போது தெருவை விட ரெண்டு படி உயரமாகத்தான் இருந்தது. இப்போது வாசலில் இருந்து ரெண்டு படி கீழே இறங்கித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரம் மழை அடித்தால் கட்டிலுக்கு அடியில் தண்ணீர். சென்னையிலும் புறநகரிலும் பழைய தனி வீடு வைத்திருக்கும் பலரின் கதை இதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, இதற்கு ஒரு தீர்வாக வேகமாகப் பரவியது ஜாக்கி வைத்து வீட்டையே மேலே தூக்கும் முறை. இடித்துக் கட்டுவதை விட செலவு குறைவு, ஒன்றிரண்டு மாதத்தில் வேலை முடியும், மாடி அப்படியே இருக்கும் என்பதால் பலரும் இதைத் தேர்வு செய்கிறார்கள்.

ஆனால் இதே வேலையின்போது சுவர் சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்த சம்பவமும் நடந்திருக்கிறது. தூக்கி முடித்து, குடிபோய், அடுத்த மழைக்காலத்தில் சுவரில் விரிசல் ஓடிய வீடுகளும் உண்டு. அப்படியென்றால் இது ஆபத்தான வேலையா? எப்போதும் அப்படி இல்லை. எது ஆபத்து என்று தெரியாமல் செய்வதுதான் ஆபத்து.

வீட்டைப் பார்க்க வரும் காண்ட்ராக்டர் முதலில் ஜாக்கியைக் காட்டுவார். "ஒவ்வொண்ணும் இருபது டன் தாங்கும் சார், உங்க வீட்டுக்கு இருநூறு ஜாக்கி வைக்கிறோம்" என்பார். கேட்க தைரியமாக இருக்கும். உண்மையில் கவனிக்க வேண்டியது ஜாக்கியை அல்ல. ஜாக்கி எதன் மேல் உட்காருகிறது, ஜாக்கியை எடுத்த பிறகு அந்த இடத்தில் என்ன இருக்கப் போகிறது, இந்த ரெண்டும்தான்.

வேலை எப்படி நடக்கிறது?

முதலில் வீட்டைச் சுற்றியும் உள்ளேயும் சுவர் ஓரமாகப் பள்ளம் தோண்டுவார்கள். தரைக்கு மேல் இருக்கும் சுவரையும் கீழே இருக்கும் அஸ்திவாரத்தையும் பிரிக்கும் மட்டத்தில், கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல்லை உடைத்து எடுத்து, அந்த இடைவெளியில் ஜாக்கியைச் செருகுவார்கள். ஜாக்கிக்கு மேலே சுவரைத் தாங்க இரும்பு சேனல். இப்படி ஒன்று, ஒன்றரை அடிக்கு ஒன்றாக வீடு முழுக்க ஜாக்கி வந்த பிறகு, வீட்டின் மொத்த எடையும் அவற்றின் மேல் நிற்கும். பிறகு விசில் சத்தத்துக்கோ குரலுக்கோ எல்லாத் தொழிலாளர்களும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருகுவார்கள். வீடு மில்லிமீட்டர் கணக்கில் எழும். மூணு, நாலு அடி உயர்ந்ததும் இடைவெளியில் புதிதாகச் செங்கல் கட்டி, ஜாக்கிகளை ஒவ்வொன்றாக எடுப்பார்கள்.

இது ஏதோ இன்றைய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் சிகாகோ நகரம் சேற்று மண்ணில் அமைந்ததால், சாக்கடை போடுவதற்காக 1850களிலும் 60களிலும் தெருத் தெருவாகக் கட்டடங்களை இதே திருகு ஜாக்கிகளால் உயர்த்தினார்கள். 1860ல் லேக் தெருவில் ஒரு முழு வரிசைக் கட்டடங்களை, சுமார் 600 பேர் 6,000 ஜாக்கிகளைத் திருகி, ஐந்தே நாளில் நாலரை அடிக்கு மேல் தூக்கியிருக்கிறார்கள். முறை சோதிக்கப்பட்டதுதான். கேள்வி அந்த முறையைப் பற்றி அல்ல, உங்கள் வீட்டில் அதை எப்படிச் செய்யப் போகிறார்கள் என்பதைப் பற்றி.

ஒரு ஜாக்கி மேல் எவ்வளவு எடை?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கீழ்த்தளமும் ஒரு மாடியும் உள்ள, செங்கல் சுவரே எடையைத் தாங்கும் வீடு என்று வைத்துக்கொள்வோம். 9 இஞ்ச் சுவர், 10 அடி உயரம் என்றால் ஒரு அடி நீளத்துக்கு 425 கிலோ அளவுக்கு வரும். இருபுறமும் 12 அடி அறைகள் இருந்தால், அந்தச் சுவர் மேல் வரும் கான்கிரீட் தளம், அதன் மேல் ஓடு, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து அடிக்கு 700 கிலோ சொல்லலாம். ரெண்டு தளத்துக்கும் சேர்த்தால், நடுச்சுவரில் ஒரு அடிக்கு சுமார் இரண்டேகால் டன். ஒன்றரை அடிக்கு ஒரு ஜாக்கி என்றால் ஒவ்வொன்றும் தாங்க வேண்டியது மூன்றரை டன். பத்து டன் ஜாக்கிக்கு இது பெரிய விஷயமே இல்லை. அதாவது காண்ட்ராக்டர் ஜாக்கியைப் பற்றிச் சொன்னது சரிதான்.

இப்போது அந்த ஜாக்கிக்குக் கீழே பாருங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி அளவுள்ள கல்லையோ, ரெண்டு வரிசை செங்கல்லையோ மண் மேல் வைத்து அதன் மேல் ஜாக்கியை நிறுத்தினால், அந்த மூன்றரை டன்னும் ஒரே சதுர அடி மண்ணில் இறங்குகிறது. கட்டை விரலால் அழுத்தினால் பதியும் மென்மையான களிமண் பாதுகாப்பாகத் தாங்கக்கூடியது சதுர அடிக்கு சுமார் ஒரு டன்தான். மூன்று மடங்குக்கு மேல் அதிகம். ஏரி, தாங்கல் ஓரத்தில் உருவான நகர்களில் இந்த மாதிரி மண் சாதாரணம். அதுவும் தண்ணீர் ஊறிவிட்டால் தாங்கும் திறன் இன்னும் குறையும்.

அதே எடையை ரெண்டரை அடி அகலமுள்ள, விட்டுவிட்டு இல்லாமல் தொடர்ச்சியான ஒரு தளத்தின் வழியாக மண்ணுக்கு இறக்கினால், சதுர அடிக்கு ஒரு டன்னுக்குள் அடங்கிவிடும். வீட்டின் பழைய அஸ்திவாரம் பெரும்பாலும் அந்த அகலத்தில்தான் இருக்கும். அதனால் ஜாக்கி உட்கார வேண்டிய சரியான இடம், உடையாமல் நல்ல நிலையில் இருக்கும் பழைய அஸ்திவாரத்தின் மேல்பகுதி. அது பொடிந்து போயிருந்தாலோ, கடைக்கால் ஆழமே இல்லாமல் கட்டியிருந்தாலோ, முதலில் கான்கிரீட் படுகை போட்டு, அது இறுகிய பிறகுதான் ஜாக்கி. இதற்கு ஒரு வாரம், பத்து நாள் கூடுதலாக ஆகும். அவசரப்படும் இடத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்த வேலைதான்.

எல்லா ஜாக்கியும் ஒரே மாதிரி இறங்கினால் கூட வீட்டுக்குப் பெரிய பாதிப்பு இருக்காது. ஒரு மூலை மட்டும் இறங்குவதுதான் பிரச்சனை. பொறியாளர்கள் பொதுவாக வைத்திருக்கும் அளவுகோல் முந்நூறில் ஒரு பங்கு. 10 அடி நீளச் சுவரின் ஒரு முனை மற்ற முனையை விட ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே சுவர் விரிசல் விடத் தொடங்கும் என்று அர்த்தம். ஒரு சுண்டு விரல் அகலம்! அதனால்தான் வேலை நடக்கும் நாட்களில் வீட்டின் எல்லா மூலைகளிலும் மட்டக் குறி போட்டு, டியூப் லெவலிலோ லேசர் லெவலிலோ தினமும் அளந்து நோட்டில் எழுத வேண்டும். 'கண்ணாலயே பார்த்துடுவோம்' என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

சம்ப், செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சுவருக்கு மூணு அடி தள்ளி தண்ணீர் சம்ப் இருந்தால், அந்தப் பக்கச் சுவருக்கு அடியில் இருக்கும் மண்ணுக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு குறைவு. பழைய செப்டிக் டேங்க் கசிந்துகொண்டிருந்தால் சுற்றிலும் மண் சதுப்பாகியிருக்கும். மூடப்பட்ட பழைய கிணறு இன்னும் மோசம். இவற்றை எல்லாம் ஒரு தாளில் வரைந்து, தோண்டத் தொடங்கும் முன்பே காட்டிவிட வேண்டும். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால், அதைப் பிரிக்காமல் தூக்கவே முடியாது. பிரிக்கும்போது அவர்கள் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதும் உங்கள் பொறுப்பாகிவிடும்.

மழையும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. 'மழைக்குள்ள முடிச்சுடலாம்' என்று ஆகஸ்ட் கடைசியில் தோண்ட ஆரம்பித்து, பாதி வேலையில் பள்ளம் முழுக்கத் தண்ணீர் நின்றால், ஜாக்கிக்குக் கீழே இருக்கும் மண்தான் முதலில் கரையும். கோடைக்கு முன்பே தொடங்குவது பாதுகாப்பு. மழைக்காலத்தில் செய்தே ஆக வேண்டும் என்றால் பம்ப்செட் வேலையிடத்திலேயே தயாராக இருக்க வேண்டும்.

பில்லர் வீடு என்றால் கதையே வேறு

மேலே சொன்ன கணக்கு சுவரே எடை தாங்கும் வீட்டுக்கு. பழைய தனி வீடுகள் பெரும்பாலும் இந்த வகை. ஆனால் உங்கள் வீடு பில்லரும் பீமும் போட்டுக் கட்டியது என்றால், எடை சுவரில் இல்லை, பில்லரில் இருக்கிறது. அங்கே சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்தால் போதாது. ஒவ்வொரு பில்லரைச் சுற்றியும் தனியாகத் தாங்கும் ஏற்பாடு செய்து, அந்த பில்லரை அறுத்துத்தான் தூக்க முடியும்.

அறுக்கும்போது உள்ளே இருக்கும் கம்பியும் அறுபடுகிறது. தூக்கிய பிறகு, மேல் பகுதிக்கும் கீழ் பகுதிக்கும் நடுவில் மூணு அடி வெற்றிடம். அதில் புதுக் கம்பி வைத்து கான்கிரீட் போடுவார்கள். பிரச்சனை இங்கேதான். ஒரு கம்பியின் பலம் அடுத்த கம்பிக்குப் போக வேண்டும் என்றால், ரெண்டும் போதிய நீளத்துக்கு ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஓட வேண்டும். 16 மில்லிமீட்டர் கம்பிக்கு அந்த நீளம் சுமார் ரெண்டரை முதல் மூணு அடி. அறுத்த பில்லரில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அரை அடி கம்பிதான் என்றால், அதில் புதுக் கம்பியைக் கட்டுக்கம்பியால் கட்டி கான்கிரீட் ஊற்றினால் வெளியிலிருந்து பார்க்க பில்லர் மாதிரியே இருக்கும். எடையையும் தாங்கும். ஆனால் பக்கவாட்டில் ஓர் அசைவு வந்தால், அந்த இடம் ஒரு கீல் போல மடங்கும். ஐ.எஸ். 1893 தரநிலையின் 2016 பதிப்பில் உள்ள நில அதிர்வு வரைபடத்தில் சென்னை மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான அதிர்வுக்கு வாய்ப்புள்ள பகுதியாக இருக்கிறது என்பதை இங்கே மறக்கக் கூடாது.

இதற்குத் தீர்வு இருக்கிறது. கம்பிகளை கப்ளர் மூலம் இணைப்பது, முறையான வெல்டிங், பில்லரைச் சுற்றிக் கூடுதல் கம்பியோடு கான்கிரீட் உறை போடுவது என்று பல வழிகள். ஆனால் எந்த பில்லருக்கு எது என்பதை வரைபடம் போட்டுத் தர வேண்டியது கட்டமைப்புப் பொறியாளர். கொத்தனார் வேலையிடத்தில் நின்று முடிவு செய்யும் விஷயம் இல்லை இது. வரைபடம் இல்லாமல் பில்லர் வீட்டைத் தூக்க ஒருவர் தயாராக இருந்தால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மெட்ராஸ் டெரஸ் எனப்படும், மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாகப் போட்ட கூரை உள்ள வீடுகளும் தனி ரகம். அந்தச் சுண்ணாம்புச் சுவர்களை உடைத்து ஜாக்கி செருகும்போதே பக்கத்துச் செங்கல்லும் சேர்ந்து உதிரும். அவற்றைத் தூக்காமல் இருப்பதே நல்லது.

நாலு அடி உயரத்தில் நிற்கும்போது

ஒரு ஜாக்கியின் திருகு முழுக்க வெளியே வந்துவிட்டால், அதை இறக்கி, கீழே கட்டை கொடுத்து, மறுபடி ஏற்றி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்த இடத்து எடையைப் பக்கத்து ஜாக்கிகள் தாங்கும். ஒன்று விட்டு ஒன்றாக மாற்றினால் சரி. வேகமாக முடிக்க அடுத்தடுத்து நாலைந்தை ஒன்றாகக் கழற்றினால், சுவர் நடுவில் பிடிப்பில்லாமல் தொங்கும்.

இன்னொன்று, ஜாக்கி என்பது மேலிருந்து வரும் எடையைத் தாங்கத்தான். பக்கவாட்டுத் தள்ளலை அது தாங்காது. செங்கல், கட்டை, இரும்புத் தகடு என்று ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி அதன் உச்சியில் ஜாக்கியை நிறுத்தியிருந்தால் அது ஒரு பொம்மைக் கோபுரம்தான். அடுக்கு உயர உயர, கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி வைத்து, ஜாக்கி வரிசைகளுக்கு நடுவே குறுக்கு இரும்பும் கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து போட்டோ எடுத்தாலே இது தெரிந்துவிடும். ஜாக்கிகள் நேராக நிற்கின்றனவா, ஏதாவது சாய்ந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பது ரெண்டு நிமிட வேலை.

'நீங்க மாடியில இருந்துக்கலாம், காபி டம்ளர் கூட ஆடாது' என்று சொல்வதுண்டு. டம்ளர் ஆடாமல் இருக்கலாம். அதற்காக, அஸ்திவாரத்திலிருந்து பிரிக்கப்பட்டு இரும்புத் திருகுகளின் மேல் நிற்கும் கட்டடத்தில் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் படுத்துத் தூங்க வேண்டிய அவசியம் இல்லை. சுவரைப் பிரிக்கத் தொடங்கும் நாள் முதல் ஜாக்கிகள் எடுக்கப்படும் வரை வெளியே வாடகைக்கு இருப்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மின்சாரம், குடிநீர், சாக்கடை இணைப்புகளை முன்கூட்டியே துண்டிக்க வேண்டும். சிலிண்டர் வீட்டுக்குள் இருக்கக் கூடாது.

பள்ளத்துக்குள் இறங்கி, சுவருக்கு அடியில் கை விட்டு வேலை பார்க்கும் தொழிலாளர்களின் உயிர்தான் முதல் ஆபத்தில் இருக்கிறது. பெரும்பாலும் வட மாநிலங்களில் இருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தலைக்கவசம் இருக்கிறதா, ஆழமான பள்ளத்தில் மண் சரியாமல் பலகை முட்டு கொடுத்திருக்கிறார்களா, காண்ட்ராக்டர் தொழிலாளர் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று கேட்டு, பாலிசி நகலை வாங்கி வைத்துக்கொள்வது வீட்டு உரிமையாளருக்கும் பாதுகாப்பு. விபத்து நடந்தால் காவல் துறையின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

ஜாக்கியை எடுத்த பிறகு?

வீடு பத்திரமாக மேலே வந்துவிட்டது, வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டாச்சு. ஆனால் வீட்டின் அடுத்த முப்பது வருஷத்தைத் தீர்மானிக்கும் வேலை இனிமேல்தான் தொடங்குகிறது.

ஜாக்கிகளுக்கு நடுவே கட்டும் புதுச் செங்கல் சுவரில் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் ஊற்றி இறுக விட வேண்டும். அதன் பிறகே ஜாக்கியில் கை வைக்கலாம். ஜாக்கி இருந்த பொந்தை சாதாரண சிமென்ட் கலவையால் அடைத்தால், காயும்போது அது லேசாகச் சுருங்கும். மேலே நூல் அளவு இடைவெளி விழும். அந்த நூல் அளவு இடைவெளியில்தான் மேல் சுவர் மெல்ல உட்கார்ந்து விரிசல் கொடுக்கிறது. சுருங்காத வகை கிரவுட் கலவை கடைகளில் கிடைக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது. பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் மட்டத்தில் வீடு முழுக்க ஓடும் ஒரு கான்கிரீட் பெல்ட் இருந்தால் இன்னும் நல்லது. அதைத் தூக்குவதற்கு முன்பே திட்டமிட வேண்டும், பிறகு சேர்ப்பது கஷ்டம்.

அடுத்து உள்ளே மண் நிரப்புவது. மூணு, நாலு அடிக்கு மண்ணைக் கொட்டி, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டால், ஒரு வருஷத்தில் தரை இறங்கும். நிரப்பிய மண் புதுச் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளவும் செய்யும். அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்க வேண்டும். கட்டட இடிபாடுகளையே கொட்டி நிரப்புவது வழக்கமாக நடக்கிறது. அதை ஒப்பந்தத்திலேயே தடுத்துவிடலாம்.

யாரிடம் கேட்பது?

வீட்டைத் தூக்கும் நிறுவனம் அழைத்து வரும் பொறியாளர் அவர்களுக்காகப் பேசுவார். உங்களுக்காகப் பார்க்க ஒருவர் தேவை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019ன் கீழ் கட்டமைப்புப் பொறியாளர், மண் தொழில்நுட்பப் பொறியாளர் என்று தனித்தனியாகப் பதிவு செய்யப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரை நீங்களே நேரடியாக அமர்த்தி, வீடு எந்த வகை, மண் எப்படி, ஜாக்கி எங்கெங்கே, எதன் மேல் என்பதை வரைபடமாக வாங்க வேண்டும். சுவர் ஓரத்தில் ஒன்றிரண்டு இடத்தில் குழி எடுத்து அஸ்திவாரத்தைக் கண்ணால் பார்க்காமல் யாரும் எஸ்டிமேட் தர முடியாது. தந்தால் அது சதுர அடிக்கு இவ்வளவு என்ற பொதுக் கணக்குதான். உள்ளாட்சி அமைப்பிடம் அனுமதி தேவையா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'கியாரண்டி' என்ற வார்த்தை ஒப்பந்தத்தில் இருந்தால், எத்தனை மில்லிமீட்டர் விரிசலுக்கு, எத்தனை வருஷத்துக்கு, யார் செலவில் என்று கூடவே எழுதியிருக்க வேண்டும்.

தூக்கத்தான் வேண்டுமா என்பதையும் அதே பொறியாளரிடம் கேளுங்கள். கூரை உயரமாக இருந்து, தண்ணீர் ஒரு அடிக்குள்தான் வருகிறது என்றால், உள்ளே தரையை மட்டும் உயர்த்தி, கதவு நிலைகளை மாற்றி, சாக்கடைத் தண்ணீர் திரும்பி வராமல் வால்வு போடுவது போதுமானதாக இருக்கலாம். சுவர் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால், முதலில் அது ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். அஸ்திவாரம் இறங்கிக்கொண்டிருக்கும் வீட்டைத் தூக்கினால், உயரத்தில் நின்று இறங்கும், அவ்வளவுதான்.

இவ்வளவு செலவும் செய்து வீட்டை நாலு அடி தூக்கிய பிறகு, தெருவை மறுபடி உயர்த்தினால்? பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியிருந்தார். உங்கள் தெருவில் தார் போடும் வண்டி வந்து நிற்கும் நாளில், சுரண்டும் இயந்திரமும் வந்திருக்கிறதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

ஏற்கெனவே தூக்கிய வீட்டில் குடியிருப்பவர்களும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். விரிசல் இருக்கும் இடத்தில், அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ரெண்டு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதி விடுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தாண்டி கண்ணாடி உடையாமல் இருந்தால், அந்த விரிசல் பழையது, பூசிக்கொள்ளலாம். உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. விரிசல் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, கதவு ஜன்னல் திடீரென்று இறுகிக்கொண்டாலோ, பெயின்டரைக் கூப்பிட வேண்டாம், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.